பயில்வான் கார் விலைக்கு வருகிறது! பளபளப்பைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்கலாமா?

அமெரிக்காவில் ஒரு வீட்டு வாசல். அங்கே சிவப்புக் கார் ஒன்று நிற்கிறது. அதன் முதுகில் இரண்டு கறுப்புக் கோடுகள். பின்பக்கத்து டயர்கள் நல்ல அகலம். கதவில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு!

சொந்தக்காரர் சாவியைத் திருப்புகிறார். காது அடைக்கிறது. தரை அதிர்கிறது. பார்க்க வந்தவரின் நெஞ்சும் சேர்ந்து அதிர்கிறது.

"1969-ம் வருஷத்துச் செவர்லே செவெல். எஸ்.எஸ். 396 ரகம். என்ஜினைப் பலப்படுத்தியிருக்கிறேன். பிரேக்கை மாற்றியிருக்கிறேன். இனி இப்படி ஒரு வண்டி கிடைக்காது" என்கிறார், விற்பவர்.

வந்தவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா இதே மாதிரி ஒரு கார் வைத்திருந்தார். குடும்பச் செலவுக்காக அதை விற்றுவிட்டார். அந்தக் கார் தெருக்கோடியில் திரும்பி மறைந்தது மகனுக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. இப்போது கையில் இருப்பது வயதான காலத்துக்கென்று சேர்த்த பணம்.

உடனே எடுத்துக் கொடுத்துவிடலாமா?

கூடாது!

இது நாமாக எண்ணிப் பார்த்த காட்சிதான். ஆனால் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பேரம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. சிலர் ஆசைப்பட்ட வண்டியை அடைகிறார்கள். சிலர் வர்ணம் பூசிய துருவை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று. முதல் ஆள் குனிந்து பார்த்தார். இரண்டாவது ஆள் நின்று பார்த்தார்.

பயில்வான் கார் என்றால் என்ன?

"மசில் கார்" என்று அமெரிக்கர்கள் சொல்லுகிறார்கள். மசில் என்றால் தசை. நாம் பயில்வான் கார் என்று சொல்லலாம். நடுத்தர அளவுள்ள குடும்பக் காரில், மிகப் பெரிய காருக்கு உரிய என்ஜினைத் தூக்கி வைத்தால் அது பயில்வான் கார்.

1964-ம் ஆண்டு வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற காரைத்தான் இந்த வகையில் முதல் கார் என்று பெரும்பாலோர் சொல்லுகிறார்கள். அது பிறந்த கதை வேடிக்கையானது. போன்டியாக் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு விதி வைத்திருந்தது. போன்டியாக் என்ஜினீயர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புதிய கார் என்று சொன்னால்தானே மேலிடத்தில் அனுமதி கேட்கவேண்டும்? பழைய டெம்பெஸ்ட் காருக்கே, "வேண்டுமானால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் சாமான்" என்று 389 கன அங்குல என்ஜினை விற்றார்கள்! 389 கன அங்குலம் என்றால் சுமார் 6.4 லிட்டர். இன்றையச் சிறிய குடும்பக் கார்களின் என்ஜின் 1 லிட்டர், 1.2 லிட்டர்தான்.

முதல் ஆண்டிலேயே 32 ஆயிரத்துக்கு மேல் விற்பனை ஆயிற்று. மற்றக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? செவர்லே, போர்டு, டாட்ஜ், பிளிமத் எல்லாம் கோதாவில் குதித்தன. 1970-ம் ஆண்டுச் செவெல் காரில் 450 குதிரைச் சக்தி என்ஜின் கூட வந்தது.

இந்த ஆட்டம் அதிக நாள் நீடிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கட்டணம் உயர்ந்தது. 1970-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் கடுமையாயிற்று. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோலுக்கு நீண்ட வரிசை நின்றது. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் பயில்வான்களை யார் வாங்குவார்கள்? கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன.

அன்று யாரும் கவனிக்காமல் கிடந்த கார்களுக்கு இன்று பெரும் விலை. விலை ஏறிய இடத்தில் வேஷமும் வந்து சேர்ந்துவிட்டது.

வண்டியில் நாலு ரகம்

விலைக்கு வரும் பழைய பயில்வான் கார்களை நாலாகப் பிரிக்கலாம்.

முதல் ரகம்: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது. வர்ணம் மங்கியிருக்கலாம். மெத்தை கிழிந்திருக்கலாம். ஆனாலும் இதற்குத் தனி மதிப்பு.

இரண்டாம் ரகம்: பழைய உருவத்துக்கே திருப்பிப் புதுப்பிக்கப்பட்டது.

மூன்றாம் ரகம்: உருவம் பழையது, உள்ளே புதியது. புது என்ஜின், புது பிரேக், புது கியர்பாக்ஸ். இதை "ரெஸ்டோமாட்" என்கிறார்கள்.

நாலாம் ரகம்: சாதாரணக் காருக்கு உயர்ந்த ரகக் காரின் சின்னங்களை மாட்டியது. இதற்கு "குளோன்" என்று பெயர். நகல் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் கார் வைத்திருப்பது குற்றம் அல்ல. "இது நகல்தான்" என்று சொல்லி விற்றால் அதிலும் தவறு இல்லை. நகலை அசல் என்று சொல்லி, அசலின் விலையைக் கேட்பதுதான் மோசடி.

ஆகவே, "வண்டி நன்றாக இருக்கிறதா?" என்பது முதல் கேள்வி அல்ல. "இது எந்த ரகம்?" என்பதே முதல் கேள்வி.

எண் பேசும்

காருக்கு வாய் இல்லை. ஆனால் எண் இருக்கிறது. நம் சிவப்புச் செவெல் காரையே பார்ப்போம்.

முன் கண்ணாடி வழியாகப் பாருங்கள். டிரைவர் பக்கத்தில், டாஷ்போர்டின் மேல் சிறிய தகடு ஒன்று தெரியும். அதில் 13 எழுத்துகளும் எண்களும் இருக்கும். இப்போதைய கார்களில் 17 இருக்கும். அந்த முறை 1981-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு.

1969-ம் ஆண்டுச் செவெல் தகட்டில் முதல் எண் 1. அது செவர்லே கம்பெனியைக் குறிக்கும். அடுத்த இரண்டு எண்கள்தான் முக்கியம். 36 என்று இருந்தால் எட்டு சிலிண்டர் மாலிபு. 35 என்று இருந்தால் ஆறு சிலிண்டர் மாலிபு. எஸ்.எஸ். 396 கார் எட்டு சிலிண்டர் உள்ளது. ஆகவே தகட்டில் 135 என்று ஆரம்பித்தால் பேச்சுக்கே இடமில்லை. அந்த வண்டி எஸ்.எஸ். ஆகப் பிறக்கவில்லை!

சரி, 136 என்று இருந்தால் அசல்தானே? அதுவும் இல்லை. இங்கேதான் பலர் சறுக்கி விழுகிறார்கள். 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ். 396 தனி ரகம். அதன் எண் 138 என்று தொடங்கும். 1969-ல் அதைக் கூடுதல் சாமானாக மாற்றிவிட்டார்கள். அதனால் 200 குதிரைச் சக்தியுள்ள சாதாரண மாலிபுவுக்கும் 136. 375 குதிரைச் சக்தியுள்ள எஸ்.எஸ். காருக்கும் 136! வெறும் சின்னத்தையும் கோட்டையும் வைத்து ஒருவர் ஏமாற்ற முடிவது இதனால்தான்.

எல்லாக் கம்பெனியும் இப்படி அல்ல. 1960-களின் போர்டு மஸ்டாங் காரில் ஐந்தாவது எழுத்து என்ஜினைச் சொல்லிவிடும். 1970-ம் ஆண்டு டாட்ஜ், பிளிமத் கார்களிலும் ஐந்தாவது எழுத்தைப் பார்க்கவேண்டும். அங்கே "ஆர்" இருந்தால் புகழ் பெற்ற 426 ஹெமி என்ஜினோடு பிறந்த கார். ஆகவே எந்தக் காரைப் பார்க்கப் போகிறோமோ, அந்தக் காரின் எண் கணக்கை முன்னதாகவே படித்துக்கொண்டு போகவேண்டும்.

தகட்டைப் பொருத்திய ரிவெட் ஆணிகளையும் பாருங்கள். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அவை சிறு பூவைப் போல இருக்கும். சாதாரண ஆணியோ, திருகாணியோ இருந்தால் தகட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள். எண் தகட்டில் கை வைப்பது அமெரிக்காவில் கடுமையான குற்றம். 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அப்படிப்பட்ட வண்டியைப் போலீசார் எடுத்துக்கொண்டு போனால், காரும் இல்லை, பணமும் இல்லை!

என்ஜினுக்கும் ஜாதகம் உண்டு

செவர்லே என்ஜினின் முன்புறம், வலது பக்கத்துச் சிலிண்டர் தலைக்கு அடியில், சிறிய மேடை போல ஓர் இடம் இருக்கும். அங்கே என்ஜினின் குறி எழுத்துகள் இருக்கும். 1969-ம் ஆண்டுக் காரில் வண்டி எண்ணின் கடைசிப் பகுதியும் என்ஜினில் குத்தப்பட்டிருக்கும். அது டாஷ்போர்டுத் தகட்டோடு பொருந்தினால், "ஒரே எண் கார்" என்கிறார்கள். அதற்கு விலை கூடுதல்.

என்ஜினை வார்த்த தேதியும் இரும்பிலேயே இருக்கும். ஏ என்றால் ஜனவரி. பி என்றால் பிப்ரவரி. இப்படியே எல் வரையில் பன்னிரண்டு மாதம். "சி 12 9" என்று இருந்தால் மார்ச் 12-ந் தேதி, 9-ல் முடியும் ஆண்டு. கார் 1969 ஏப்ரலில் செய்யப்பட்டது என்றால் இது பொருந்துகிறது. "கே" என்று இருந்தால் நவம்பர். கார் பிறந்த பிறகு பிறந்த என்ஜின் அந்தக் காரோடு எப்படி வந்திருக்கும்?

பழைய எண்ணை ராவிவிட்டுப் புது எண் குத்துகிறவர்களும் உண்டு. தொழிற்சாலையில் சீவிய இடத்தில் மெல்லிய இணைகோடுகள் தெரியும். அந்த இடம் வழவழப்பாக இருந்தால் காரணம் கேட்கவேண்டும். என்ஜினைப் புதுப்பிக்கும்போது நேர்மையான மெக்கானிக் கூட அந்த இடத்தைச் சீவுவது உண்டு. அப்படியானால் அதற்கு ரசீது இருக்கும்.

என்ஜினை மாற்றிய வண்டியில் எண் பொருந்தாது. அது சகஜம். விற்பவர் அதைத் தாமாகவே சொல்லுகிறாரா, நாம் கண்டுபிடித்த பிறகு சொல்லுகிறாரா என்பதைக் கவனியுங்கள்.

காகிதம் இல்லையா? கவனம்!

தொழிற்சாலையில் காரைச் செய்யும்போது, என்னென்ன சாமான் மாட்டவேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்திருப்பார்கள். வேலைக்காரர்கள் அதைப் பெட்ரோல் டாங்கின் மேலோ, ஆசனத்தின் ஸ்பிரிங்குக்குள்ளோ செருகிவிடுவது வழக்கம். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, எலி கடித்த அந்தத் தாளுக்கு இன்று பொன்னுக்குச் சமமான மதிப்பு!

செவர்லே கார் வாங்கியவர்களுக்கு அந்தக் காலத்தில் ஓர் உத்தரவாதப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் சிறிய உலோகத் தகடு இருக்கும். என்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றின் குறிகள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அது கிடைத்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

1967 முதல் வந்த போர்டு கார்களுக்கு, கம்பெனிப் பதிவேட்டைப் பார்த்து "மார்ட்டி ரிப்போர்ட்" என்ற அறிக்கை தருகிறார்கள். போன்டியாக் கார்களுக்கும் பழைய பதிவேட்டின் நகல் கிடைக்கிறது. சில டாலர் செலவழித்து இதை வாங்கிப் பார்த்தால், பல ஆயிரம் டாலர் தப்பும்.

காந்தம் சொல்லும் உண்மை

மாட்டுச் சந்தையில் நம் ஊர் விவசாயி என்ன செய்கிறார்? கொம்பில் பூசிய வர்ணத்தையா பார்க்கிறார்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். நடக்கவிட்டுப் பார்க்கிறார். இங்கேயும் அதே வேலைதான்.

அமெரிக்காவின் வட பகுதிகளில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையும். அதைக் கரைக்க உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். அரிசோனா போன்ற வறண்ட பிரதேசத்துக் கார்கள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே, இந்தக் கார் எந்த ஊரில் வளர்ந்தது என்று கேளுங்கள்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுங்கள். மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் வையுங்கள். முன் மட்கார்டின் அடியில் வையுங்கள். கதவின் அடி ஓரத்தில் வையுங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் நழுவினால் உள்ளே இருப்பது பட்டி! துருப் பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே வர்ணம் அடித்திருக்கிறார்கள். வெளுத்ததெல்லாம் பால் அல்லவே!

டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பின் கண்ணாடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் தங்கித் துருப் பிடிப்பது இந்தக் கார்களின் பழைய வியாதி. பிறகு டார்ச் விளக்கோடு தரையில் படுத்து, அடியில் பாருங்கள். சேசிஸ் சட்டத்தில் புதிதாகப் பற்றவைத்த இடம் இருக்கிறதா? அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கெட்டிக் கறுப்புத் தார் பூசியிருக்கிறதா? எதை மறைப்பதற்கு என்று கேளுங்கள்.

மாற்றியதில் மதிப்பு எது? சேதம் எது?

இதற்கு ஒரு சுலபமான விதி இருக்கிறது. திருகாணியைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்புமா? திரும்பும் என்றால் பயம் இல்லை. வெட்டியும் பற்றவைத்தும் செய்த மாற்றம் என்றால் யோசிக்கவேண்டும்.

1980-களில் ஒரு மோகம் இருந்தது. பின் டயரை மிக அகலமாக வைப்பதற்காக, உள்ளே இருந்த சக்கர அறையையே வெட்டி எறிந்தார்கள். பின் அச்சைக் குறுக்கினார்கள். மோகம் போய்விட்டது, வெட்டு மட்டும் நிற்கிறது. அதைச் சரிசெய்ய இன்று பெருஞ்செலவு ஆகும்.

முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டால் அது நல்ல மாற்றம். பழைய டிரம் பிரேக் வேகத்தில் சூடேறிப் பிடிப்பை இழக்கும். நல்ல ரேடியேட்டர், நல்ல டயர், நெடுஞ்சாலையில் என்ஜினை நிதானமாக ஓடவிடும் கூடுதல் கியர் இவையும் நல்லவையே. 1997-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த எல்.எஸ். என்ஜினைப் பழைய காரில் பொருத்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒழுங்காகப் பொருத்தினால் காலையில் ஒரே திருப்பில் கிளம்பும்.

ஆனால் என்ஜினை மட்டும் இரண்டு மடங்கு பலமாக்கிவிட்டுப் பழைய பிரேக்கையே விட்டிருந்தால்? வாயில்லாக் குதிரைக்குக் கடிவாளமும் இல்லை என்ற கதைதான். குடும்பத்தை அதில் ஏற்றக்கூடாது.

வேலை செய்தவரின் கையை அறிய ஒயரிங்கைப் பாருங்கள். ஒயர்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா? அல்லது நாலு நிற ஒயரை முறுக்கி நாடா சுற்றித் தொங்கவிட்டிருக்கிறார்களா? பெட்ரோல் குழாய் சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போகிறதா? கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அலட்சியம் இருந்தால், தெரியாத இடத்தில் எவ்வளவு இருக்கும்!

ஓட்டிப் பாருங்கள்

"நான் வரும் வரையில் என்ஜினைக் கிளப்பாதீர்கள்" என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கிளப்பிப் பழக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின்தான் தன் நோயைச் சொல்லும்.

புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே கசியலாம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது.

பிறகு அரை மணி நேரமாவது ஓட்டவேண்டும். நெரிசலில் நின்றால் சூடு ஏறுகிறதா? பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? ஸ்டியரிங்கை விட்டால் நேராகப் போகிறதா? ரேடியோவைப் போடாதீர்கள். உங்கள் காது வண்டியோடு இருக்கட்டும்.

பிறகு தனியாக ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவர் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக்கூடாது.

விலை என்ன?

"நான் இதற்கு இவ்வளவு செலவு செய்தேன்" என்று விற்பவர் ரசீதுக் கட்டைக் காட்டுவார். ரசீது நல்லதுதான். என்ன சாமான், யார் வேலை என்று அதிலிருந்து தெரியும். ஆனால் செலவு வேறு, விலை வேறு. ஒருவர் தம் ஆசைக்குச் செய்த மாற்றத்துக்கு இன்னொருவர் முழுப் பணம் தரவேண்டியதில்லை. மாற்றிய காரை விற்கும்போது போட்ட பணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. வாங்குகிறவருக்கு இது லாபம். நல்ல கை செய்த வண்டி, செய்யும் செலவுக்குக் குறைவாகவே கிடைக்கும்.

கழற்றிய பழைய சாமான்கள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பழைய என்ஜின் கொட்டகையில் கிடந்தால் அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

முப்பத்தேழு லட்சம் டாலர் கார்!

மாற்றிய கார் என்றாலே மட்டம் என்று நினைக்கவேண்டாம். 1968-ல் "புல்லிட்" என்ற சினிமாப் படம் வந்தது. அதில் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் பச்சை நிற மஸ்டாங் கார் ஓட்டினார். படப்பிடிப்புக்காக அந்தக் காரை மாற்றினார்கள். காமிரா வைப்பதற்காக அடியில் இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்தார்கள்.

1974-ல் ஒரு குடும்பம் அதைச் சுமார் 6 ஆயிரம் டாலருக்கு வாங்கிற்று. வீட்டுக் காராக ஓட்டிற்று. 1977-ல் மெக்குவீனே அதைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார். அவர்கள் கொடுக்கவில்லை. கார் மங்கியது. அதற்குப் புது வர்ணம் பூசவில்லை. காமிராவுக்காகப் பற்றவைத்த இரும்பையும் வெட்டவில்லை. காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

2020 ஜனவரியில் அது ஏலத்துக்கு வந்தது. கட்டணம் உள்பட 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போயிற்று!

அந்தக் காரில் பளபளப்பு இல்லை. ஆனால் அதைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. எண்ணும் காகிதமும் அதற்குச் சாட்சி சொல்லின.

சிவப்புக் காரின் முன்னால் நிற்கும் நம் மனிதர் என்ன செய்யவேண்டும்? எண்ணைப் படிக்கட்டும். காந்தத்தை வைக்கட்டும். காகிதத்தைக் கேட்கட்டும். "ஐயா, இது எஸ்.எஸ். ஆகப் பிறந்த வண்டி அல்ல. சாதாரண மாலிபுவை நான்தான் இப்படி ஆக்கினேன்" என்று விற்பவர் ஒப்புக்கொண்டு, வேலையும் சுத்தமாக இருந்தால், மாலிபுவுக்கு உரிய விலை பேசித் தாராளமாக வாங்கலாம். அப்பாவை நினைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு அது போதும்.

எண்ணைப் பார்க்க விடாமல், "இன்னொருவர் முன்பணத்தோடு வருகிறார், சீக்கிரம் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்தினால்? கைகூப்பி விடைபெற்றுக்கொண்டு வீடு திரும்பவேண்டியதுதான். கார் இன்னொன்று வரும். வயதான காலத்துக்குச் சேர்த்த பணம் இன்னொரு முறை வராது.